ரத்தினவியல் படிப்பு: பணம் கட்டும் முன் கண்ணைச் சோதியுங்கள்

வைரமும் ரத்தினமும் தரம் பார்க்கும் படிப்பில் மகளைச் சேர்த்தால், கடைசியில் நகைக்கடை விற்பனை வேலைதானே கிடைக்கும் என்று கவலைப்படுகிறீர்கள். அதற்கு முன் பார்க்க வேண்டியது அவருடைய நிறப்பார்வை. கண் மருத்துவரிடம் இஷிஹாரா சோதனை (வண்ணப் புள்ளிகளுக்குள் மறைந்த எண்ணைப் படிக்கும் சோதனை) செய்துவிடுங்கள். சிவப்பு-பச்சைக் குறைபாடு பெண்களுக்கு அரிதுதான். ஆனால் இருந்தால் மாணிக்கமும் மரகதமும் பார்க்கும் வேலை சரிப்படாது.

வைரத்துக்கு அமெரிக்க ரத்தினவியல் நிறுவனமான ஜிஐஏ வகுத்த அளவுகோல்தான் உலகெங்கும் வழக்கில் இருக்கிறது. நிறம், நிறமற்ற டி முதல் மஞ்சள் சாயல் தெரியும் இசட் வரை. தூய்மைக்கு 11 படிகள். எடை காரட்டில், அதாவது 0.2 கிராமுக்கு ஒரு காரட். படிக்க எளிது, கண்ணுக்குப் பழக நாளாகும். நேராகப் பார்த்தால் மினுமினுப்பு நிறத்தை மறைத்துவிடும் என்பதால் கல்லைக் கவிழ்த்து வைத்து, பகல் ஒளிக்கு நிகரான விளக்கில், நிறம் தெரிந்த மாதிரிக் கற்களோடு ஒப்பிடுவார்கள். பக்கத்தில் வண்ணச் சுவரோ பளிச்சென்ற சட்டையோ இருந்தாலே முடிவு பிசகும். தூய்மையை 10 மடங்கு உருப்பெருக்கத்தில் பார்க்கிறார்கள். புதிதாக வருபவர்கள் மேலே ஒட்டிய தூசியை உட்குறை என்று எழுதுவார்கள். ஒரே புள்ளி பல பட்டைகளில் எதிரொளிப்பதைப் பல புள்ளிகளாக எண்ணுவார்கள். துடைத்து, சாய்த்து, மறுபடி பார்க்கும் பொறுமைக்குத்தான் இங்கே சம்பளம். நல்ல ஆய்வகத்தில் கல் யாருடையது என்பது தரம் பார்ப்பவருக்குத் தெரியாது. ஒரே கல்லை ஒருவருக்கு மேற்பட்டவர்கள் தனித்தனியே பார்ப்பார்கள்.

வண்ணக் கற்களின் கதை வேறு. அவற்றுக்கு எல்லோரும் ஏற்ற ஒரே தர அளவுகோல் கிடையாது. முதல் கேள்வியே ‘இது என்ன கல்?’ என்பதுதான். கல்லுக்குள் ஒளி எவ்வளவு வளைகிறது என்று அளக்கும் ஒளிவிலகல்மானியில் மாணிக்கம் 1.762, 1.770 என்று இரண்டு அளவு காட்டும். அதே சிவப்பில் இருக்கும் ஸ்பைனல் என்ற வேறு கல் 1.718 அருகில் ஒன்றே ஒன்று காட்டும். கல்லுக்கும் கருவிக்கும் இடையே விடும் தொடுதிரவத்தை அதிகம் விட்டால் சிறிய கல் மிதந்து, அளவு தெளிவாக விழாது. பெயர் தெரிந்த பிறகு சூடேற்றியதா, மரகதத்தில் எண்ணெய் ஏற்றியதா, மாணிக்கத்தின் வெடிப்பைக் கண்ணாடியால் நிரப்பியதா என்று பார்க்க வேண்டும். நிரப்பிய கல்லுக்குள் காற்றுக் குமிழும், சாய்க்கும்போது நீலப் பளிச்சும் தெரியும்.

ஆய்வகத்தில் வளர்த்த வைரத்தை லூப்பை (கையடக்க உருப்பெருக்கிக் கண்ணாடி) மட்டும் நம்பி இயற்கை வைரத்திலிருந்து உறுதியாகப் பிரிக்க முடியாது. வெப்பம் கடத்துவதைச் சோதிக்கும் கையடக்கக் கருவி அதையும் ‘வைரம்’ என்றே சொல்லும். வைரம் போலத் தோன்றும் வேறு கல்லான மொய்சனைட்டைக்கூடப் பல நேரம் அப்படியே காட்டும். ஒளியைப் பிரித்து ஆராயும் நிறமாலைக் கருவிகள் வேண்டும். ஆகவே மகள் இயற்பியலோ வேதியியலோ பட்டமாகப் படித்துவிட்டு இந்தப் பக்கம் வருவதுதான் என் கணிப்பில் நல்லது. ஆய்வகம் சரிப்படாவிட்டாலும் ஏல நிறுவனம், காப்பீட்டு மதிப்பீடு, கல் கொள்முதல் என்று வழிகள் உண்டு. மதிப்பீட்டைத் தனியாகக் கற்க வேண்டும். தரச் சான்றில் விலை இருக்காது.

பயிற்சி நிலையத்தில் இதைக் கேளுங்கள்: மாணவர் கையில் எத்தனை கற்கள் கொடுப்பீர்கள், அதில் செயற்கையும், சூடேற்றியோ நிரப்பியோ மேம்படுத்தியதும் உண்டா, நுண்நோக்கி ஆளுக்கு ஒன்றா? ஜிஐஏவின் ஜிஜி (கிராஜுவேட் ஜெமாலஜிஸ்ட்) பட்டயத்தில் 20 கற்களை அடையாளம் காணும் தேர்வு ஒன்று உண்டு. இருபதும் சரியாக இருந்தால்தான் தேர்ச்சி. லண்டனிலுள்ள ரத்தினவியல் சங்கமான ஜெம்-ஏ தரும் எஃப்ஜிஏ தகுதியிலும் செய்முறைத் தேர்வு உண்டு. கல்லையே தொடாமல் முடியும் குறுகிய வகுப்புக்குப் பணம் கட்டாதீர்கள்.

அதற்குள் ஒரு 10 மடங்கு லூப் வாங்கிக் கொடுங்கள். அதைக் கண்ணை ஒட்டிப் பிடித்து, முழங்கைகளை மேசையில் ஊன்றி, கல்லை லூப்பிலிருந்து சுமார் 2.5 செ.மீ. தூரத்துக்குக் கொண்டுவர வேண்டும். வீட்டு மோதிரக் கல்லுக்குள் தெரிவதையெல்லாம் அவர் வரைபடமாக வரையட்டும். ஒரு வாரம் கழித்து, பழைய படத்தைப் பார்க்காமல் மறுபடி வரையட்டும். இரண்டும் ஒத்துப்போனால் சேர்க்கை விண்ணப்பத்தை வாங்குங்கள். இரண்டாவது படத்துக்கே அவர் உட்கார மறுத்தால், கட்டணம் மிச்சம்.