‘மக்கும் பை’ ஏன் மக்கவில்லை?

கேள்வி: அம்பத்தூரில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறோம். பால்கனியில் மூன்றடுக்கு மண்பானை வைத்துச் சமையலறைக் கழிவை உரமாக்குகிறேன். கை அழுக்காகாமல் இருக்கட்டும் என்று ‘100 சதவீதம் மக்கும்’ என்று அச்சடித்த பச்சைப் பைச் சுருள் வாங்கி, கழிவைப் பையோடு பானைக்குள் போட்டுவந்தேன். எட்டு மாதமாயிற்று. காய்கறித் தோலெல்லாம் மண்ணாகிவிட்டது, பை அப்படியே இருக்கிறது. சில இடங்களில் துணுக்குத் துணுக்காகப் பிய்ந்து வருகிறது. கடைக்காரர் ‘இன்னும் கொஞ்ச நாள் விடுங்க மேடம்’ என்கிறார். அந்த உரத்தைக் கீரைத் தொட்டியில் போடலாமா?

பதில்: இன்னும் எட்டு மாதம் விட்டாலும் இதே கதைதான். கீரைக்குப் போடாதீர்கள். முதலில் உரத்தை வெயிலில் உலர்த்தி, மாவு சலிக்கும் பழைய சல்லடையில் சலியுங்கள். மேலே தங்கும் பைத் துண்டுகளைப் பொறுக்கி எடுத்துவிடுங்கள். சலித்ததில் பச்சைப் பொடியாக மின்னுவது எதுவும் இல்லையென்றால் செம்பருத்தி, குரோட்டன்ஸ் போன்றவற்றுக்குப் போடலாம். கீரையை மண்ணோடு பிடுங்கிச் சாப்பிடுகிறோம், அதில் பரீட்சை வேண்டாம்.

சரி, உங்கள் பை எந்த ஜாதி என்று வீட்டிலேயே ஓரளவு பார்த்துவிடலாம். சுருளில் மிச்சமிருக்கும் பையிலிருந்து கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு துண்டு வெட்டுங்கள். கண்ணாடி டம்ளரில் தண்ணீர், அதில் பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு. துண்டில் காற்றுக்குமிழி ஒட்டாதபடி தேய்த்து, ஸ்பூனால் அடிவரை அழுத்திவிட்டு விடுங்கள். மேலே வந்து மிதந்தால் அது பாலித்தீன். சோள மாவு, பி.எல்.ஏ. (தாவரச் சர்க்கரையிலிருந்து செய்யும் பிளாஸ்டிக்) என்று சொல்லி விற்கும் உண்மையான மக்கும் பிளாஸ்டிக் தண்ணீரைவிடக் கனம், மூழ்கித்தான் ஆக வேண்டும். ஆனால் மூழ்கிவிட்டது என்பதற்காக நல்ல பை என்று சந்தோஷப்படாதீர்கள். பாலித்தீனில் சுண்ணாம்புப் பொடியை அள்ளிக் கலந்தாலும் மூழ்கும். மிதந்தால் குற்றவாளி, மூழ்கினால் சந்தேகத்தின் பலன், அவ்வளவுதான். துண்டைக் கொளுத்தி முகர்ந்து பார்க்கச் சொல்வார்கள் சிலர். சமையலறையில் அந்த வேலையெல்லாம் வேண்டாம்.

துணுக்காகப் பிய்கிறது என்றீர்களே, எனக்கு அங்கேதான் இடிக்கிறது. பாலித்தீனில் ஒரு உலோக உப்பைக் கலந்து, வெயிலிலும் சூட்டிலும் நொறுங்கும்படி செய்த பைகள் உண்டு. நொறுங்குவது வேறு, மக்குவது வேறு. கண்ணுக்குத் தெரிந்த பை, கண்ணுக்குத் தெரியாத பொடியாகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2021-லேயே இந்த ரகத்தைத் தடை செய்துவிட்டது. இங்கே இலைப் படம் போட்டு விற்கிறார்கள்.

ஏன் இப்படி அச்சடிக்கிறார்கள் தெரியுமா? சட்டத்தில் ஒரு சந்து இருக்கிறது. மத்திய அரசின் விதிப்படி 2022 டிசம்பர் 31 முதல், சாமான் வாங்கிப்போகும் பிளாஸ்டிக் பையின் தடிமன் 120 மைக்ரானுக்குக் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறையக் கூடாது. மக்கும் பிளாஸ்டிக்குக்கு மட்டும் இந்தத் தடிமன் கணக்கு கிடையாது. ஆக, மெல்லிசான பாலித்தீன் பையை விற்க ஒரே வழி அதன்மேல் ‘கம்போஸ்டபிள்’ என்று அச்சடிப்பதுதான். அச்சுக்கு ஆகும் செலவு அற்பம், மிச்சமாகும் பிளாஸ்டிக்கோ கிலோக் கணக்கில். உண்மையான மக்கும் பை செய்பவர் மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்றிதழ் வாங்கியிருக்க வேண்டும். பையில் தயாரிப்பாளர் பெயரும் சான்றிதழ் எண்ணும் இருக்கிறதா பாருங்கள், வாரியத்தின் இணையதளப் பட்டியலில் அந்தப் பெயரைத் தேடுங்கள். எங்கள் குடியிருப்புக்கு ஒரு ஏஜென்ட் வந்தார். லேமினேட் செய்த சான்றிதழ் நகல், வாரிய முத்திரை, எல்லாம் பளபள. அதில் இருந்த கம்பெனி பெயர் ஒன்று, பையில் இருந்தது வேறு. கேட்டால் ‘சிஸ்டர் கன்சர்ன் சார்’ என்றார். டீ கொடுத்து அனுப்பிவிட்டோம். பிடிக்க வேண்டியவர்கள் வருடத்துக்கு ஒருமுறை தள்ளுவண்டிக்காரரிடம் நாலு கிலோ பையைப் பறித்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். ஆலை வாசல் வரை யார் போகிறார்கள்?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். உங்கள் பை அசல் மக்கும் பையாகவே இருந்தாலும் பால்கனிப் பானையில் மக்கியிருக்காது. அந்தப் பைகளுக்கான சோதனை நடப்பது 58 டிகிரி சூட்டில். ஆறு மாதத்தில் அதிலுள்ள கார்பனில் 90 சதவீதம் கார்பன் டை ஆக்சைடாகிப் போக வேண்டும். உங்கள் பானைக்குள் கையை விட்டுப் பாருங்கள், இளஞ்சூடுதான் இருக்கும். பி.எல்.ஏ. அந்தச் சூட்டில் அசையாது. இதற்கு ஒரு விலக்கு உண்டு. குடியிருப்பு முழுவதற்குமாகப் பெரிய குவியல் போடுகிறீர்கள் என்றால், அதுவும் நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரு மீட்டருக்குக் குறையாமல், காய்ந்த இலையும் ஈரக் கழிவும் கலந்து, கிளறிக் கிளறி, நடுவில் சொருகிய கம்பியை இழுத்துத் தொட்டால் கை சுடுகிற அளவுக்கு வாரக்கணக்கில் சூடு நின்றால், அங்கே அசல் பை மக்கும். அப்போதும் பையைக் கிழித்துப் போட வேண்டும், முடிச்சுப் போட்ட மூட்டையாகப் போட்டால் உள்ளே அழுகி நாறும். ஒரே ஒரு நாள் சூடேறி அடங்கினால் போதாது. உங்கள் மூன்றடுக்குப் பானை இந்தக் கணக்கில் வராது.

அப்போ கழிவை எதில் பிடிப்பது? எதிலும் வேண்டாம். மூடியுள்ள டப்பா ஒன்று, அடியில் செய்தித்தாள் மடித்து வையுங்கள் (வழவழப்பான விளம்பரத் தாள் ஆகாது). தினமும் பானையில் கவிழ்த்துவிட்டு டப்பாவை அலசுங்கள். பானையில் ஒவ்வொரு முறையும் மேலே ஒரு கை காய்ந்த இலையோ தேங்காய்நார்த் தூளோ தூவினால் நாற்றம் வராது. வாரம் ஒருமுறை புளித்த மோர் கொஞ்சம் தெளித்தால் வேகமாக மக்கும்.

துணிப்பை மாதிரி இருக்கும் வண்ணப் பைகளையும் நம்பிவிடாதீர்கள். ஓரத்தைப் பிரித்துப் பாருங்கள், நூல் வராது. அது பாலிப்ரொப்பிலீன், அதுவும் பிளாஸ்டிக்தான்.

மிச்சமுள்ள சுருளைக் கொளுத்தவும் வேண்டாம், சாக்கடையில் விடவும் வேண்டாம். உலர்குப்பை போட வைத்துக்கொண்டு தீர்த்துவிடுங்கள். புகார் கொடுக்கிற எண்ணம் இருந்தால் மட்டும் இரண்டு பையை அச்சு தெரியும்படி எடுத்து வையுங்கள். பில்லும் வேண்டும். கடைக்காரர் பில் கொடுத்தாரா?