சறுக்கும் ரம்பம் தேவையா?

கேள்வி: வீட்டுக் கொட்டகையில் மரவேலை செய்கிறேன். நிலைச் சட்டம், ஜன்னல், 10 அங்குல அலமாரித் தட்டு எல்லாம் அறுக்கணும். சாதாரண மைட்டர் சா (பிளேடைக் கீழே இறக்கி மரத்தைக் குறுக்கே அறுக்கும் ரம்பம்) போதுமா, ஸ்லைடிங் காம்பவுண்ட் (அதிலேயே பிளேடு தண்டில் முன்னும் பின்னும் சறுக்கும் வகை) வாங்கலாமா?

பதில்: அந்த 10 அங்குலத் தட்டே முடிவைச் சொல்லிவிட்டது. 10 அங்குல பிளேடு போட்ட சாதாரண மெஷின் நேர்வெட்டில் ஐந்தரை, ஆறு அங்குலத்தோடு நின்றுவிடும், 45 டிகிரிக்குத் திருப்பினால் நாலு அங்குலம்தான். அதே பிளேடு தண்டில் சறுக்கி வந்தால் நேர்வெட்டில் ஏறக்குறைய 12 அங்குலம் போகும். ஸ்லைடிங்கே வாங்குங்கள்.

ஆனால் கொட்டகையை அளந்துவிட்டுக் கடைக்குப் போங்கள். பல மாடல்களில் தண்டு பின்பக்கம் நீளும், சுவரை ஒட்டி வைக்க முடியாது. கடையில் மெஷினின் தலையை, அதாவது பிளேடும் மோட்டாரும் உள்ள பகுதியை, முழுக்க முன்னால் இழுத்து, பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். அங்கேயே லொடலொட என்றால் வீட்டில் மூட்டு சேரவே சேராது. வாங்கி வந்ததும் மூலைமட்டம் வைத்து 90 டிகிரியைச் சரிபார்க்கணும், பெட்டியிலிருந்து எடுத்தபடியே சரியாக இருக்கும் என்று நம்பாதீர்கள்.

கூடவே வரும் பிளேடில் பெரும்பாலும் பல் குறைவு. தேக்குக்கும் ப்ளைவுட்டுக்கும் 60 அல்லது 80 பல் போடுங்கள், ஓரம் பிசிறாது. அகலமான பலகையை அறுக்கும்போது தலையை உங்கள் பக்கம் இழுத்து, கீழே இறக்கி, அப்புறம் பின்னால் தள்ளணும். இறக்கிய பிளேடை உங்களை நோக்கி இழுத்தால் அது பலகைமேல் ஏறிப் பாயும்.

8-க்கு 4 ப்ளைவுட் ஷீட்டுக்கு இது ஆகாது. அதற்குக் கையில் பிடித்து ஓட்டும் வட்ட ரம்பம் தனியாக வேண்டும்.