காஸ்டிங்கைக் கட்டுப்படுத்துவது எப்படி? சி பிளஸ் பிளஸ், ஜாவா கேள்வி பதில்

கேள்வி: சார், லிஸ்ட் கிளாஸிலிருந்து ஸ்டாக் கிளாஸை இன்ஹெரிட் செய்திருக்கிறேன். வெளியிலிருந்து யாரும் ஸ்டாக்கை லிஸ்ட்டாக மாற்றி (அதாவது காஸ்ட் செய்து) நடுவில் கை வைக்கக் கூடாது. சி பிளஸ் பிளஸில் வழி உண்டா?

பதில்: பப்ளிக் இன்ஹெரிட்டன்ஸைப் பிரைவேட் ஆக்குங்கள். அதன் பிறகு ஸ்டாக் பாயிண்டரை லிஸ்ட் பாயிண்டர் கேட்கும் இடத்தில் கொடுத்தால் கம்பைலரே நிறுத்திவிடும். ஸ்டேடிக் காஸ்ட் போட்டாலும் அதே எரர்தான். ஸ்டாக்கின் மெம்பர் ஃபங்ஷன்களுக்கும் ஃப்ரெண்டுகளுக்கும் மட்டும் அனுமதி உண்டு.

ஆனால் ஓர் ஓட்டை இருக்கிறது. டைப்பை அடைப்புக்குறிக்குள் எழுதும் பழைய சி பாணி காஸ்ட், பேஸ் (மூல கிளாஸ், இங்கே லிஸ்ட்) பிரைவேட்டா என்று பார்ப்பதே இல்லை. சத்தமில்லாமல் மாற்றிக் கொடுத்துவிடும். ஜிசிசி கம்பைலரில் ஓல்ட் ஸ்டைல் காஸ்ட் வார்னிங்கை இயக்கி, அதை எரராகவும் ஆக்கிவிடுங்கள். என்னைக் கேட்டால் இங்கே இன்ஹெரிட்டன்ஸே வேண்டாம். லிஸ்ட்டை ஒரு பிரைவேட் மெம்பராக வையுங்கள், காஸ்ட் செய்ய பேஸே இருக்காது.

கேள்வி: தூரம் என்ற கிளாஸ் கேட்கும் ஃபங்ஷனுக்கு வெறும் 5 கொடுத்தாலும் கம்பைல் ஆகிறதே?

பதில்: ஒற்றை ஆர்கியுமென்ட் கன்ஸ்ட்ரக்டர் 5-ஐத் தானாகத் தூரமாக மாற்றிவிடும் வேலை அது. அதன் முன்னால் எக்ஸ்பிளிசிட் என்ற சொல்லைச் சேருங்கள், தானாக மாற்றுவது நிற்கும். பூல் (ட்ரூ அல்லது ஃபால்ஸ்) கன்வர்ஷன் ஆபரேட்டர் இருந்தால் அதற்கும் சேருங்கள்; சி பிளஸ் பிளஸ் 11 முதல் இது முடியும். சேர்க்காவிட்டால் இரண்டு ஆப்ஜெக்ட்டுகளைக் கூட்டினால்கூட, இரண்டும் பூலாகி, ட்ரூ என்றால் இன்ட்டில் 1 ஆகி, 2 என்று விடை வரும்! எக்ஸ்பிளிசிட் போட்ட பிறகும் இஃப், வைல் கண்டிஷன்களில் வழக்கம்போல எழுதலாம்.

கேள்வி: பேஸிலிருந்து டிரைவ்டுக்கு (அதை இன்ஹெரிட் செய்த கிளாஸுக்கு) டைனமிக் காஸ்ட், அதாவது ஓடும்போது டைப்பைச் சரிபார்க்கும் காஸ்ட், போட்டால் "பாலிமார்ஃபிக் இல்லை" என்று எரர்.

பதில்: பேஸில் ஒரு விர்ச்சுவல் ஃபங்ஷனாவது வேண்டும். டிஸ்ட்ரக்டரை விர்ச்சுவல் ஆக்குங்கள், போதும். காஸ்ட் தோற்றால் பாயிண்டருக்கு நல் வரும், ரெஃபரன்ஸுக்கு பேட் காஸ்ட் எக்ஸெப்ஷன். நல் செக் எழுத மறக்காதீர்கள்.

கேள்வி: ஜாவாவில் தப்பான காஸ்ட் எல்லாம் ஓடும்போதுதான் கிளாஸ் காஸ்ட் எக்ஸெப்ஷனாக வெடிக்கிறது. கம்பைலிலேயே பிடிக்க முடியாதா அண்ணா?

பதில்: ஓரளவு முடியும். வடிவம் ஒரு சாதாரண இன்டர்ஃபேஸ் என்றால், அதைச் சம்பந்தமே இல்லாத, ஃபைனல் அல்லாத (சப்கிளாஸ் எழுத இடம் தரும்) கோப்பு கிளாஸாகக் காஸ்ட் செய்தாலும் கம்பைலர் விட்டுவிடும். கோப்பின் ஏதோ ஒரு சப்கிளாஸ் நாளை வடிவத்தை இம்ப்ளிமென்ட் செய்யலாமே! ஜாவா 17-இல் வடிவத்தை சீல்டு ஆக்கி (யார் இம்ப்ளிமென்ட் செய்யலாம் என்று கட்டுப்படுத்தி), பெர்மிட்ஸில் வட்டம், சதுரம் இரண்டை மட்டும் எழுதி, இரண்டையும் ஃபைனல் ஆக்குங்கள். அந்த வாய்ப்பு அடைபட்டு, கம்பைலிலேயே எரர் வரும். ஆனால் பெர்மிட்ஸில் நான் சீல்டு (யாரும் இம்ப்ளிமென்ட் செய்யலாம் என்று திறந்துவிட்ட) இன்டர்ஃபேஸ் ஒன்றைச் சேர்த்தால் கதவு மறுபடி திறந்துகொள்ளும்.