ஊராட்சிக் கட்டடங்களில் சோலார் போடுவது வீண்செலவா?

பஞ்சாயத்து ஆபீஸ், பள்ளிக்கூடம், குடிநீர் மோட்டார் எல்லாவற்றுக்கும் சோலார் போடுவது வீண்தானே என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் ஊரிலும் போட்டது கெட்டுப்போய்க் கிடக்கிறது போல.

வீண் இல்லை. காங்கயம் பக்கம் ஓர் ஊராட்சியில் வார்டு உறுப்பினராக இருந்தவன் நான். ஊராட்சியின் கரண்ட் பில்லில் பெரும்பகுதி தெருவிளக்கும் குடிநீர் மோட்டாரும்தான். விளக்கு ராத்திரி எரிவது, அதற்குப் பகல் வெயில் நேராக உதவாது, சரி. மோட்டாரைப் பகலில் ஓட்டி மேல்நிலைத் தொட்டியை நிரப்பிவிட்டால் பேட்டரியே வேண்டாம். ஒரு கிலோவாட் பேனலுக்கு 100 சதுர அடி இருந்தால் போதும், நம் வெயிலுக்கு நாளுக்குச் சுமார் 4 யூனிட் தரும்.

எங்கள் ஆபீஸ் மாடியில் பேனல் வைத்தார்கள். கொஞ்ச நாளில், பேனல் கரண்டை விளக்கு, ஃபேனுக்கு ஏற்றபடி மாற்றித் தரும் இன்வெர்ட்டர் நின்றுபோனது, ஒருவருக்கும் தெரியவில்லை. லைன் கரண்ட் வந்துகொண்டிருந்ததால் ஃபேன் சுற்றியது, விளக்கு எரிந்தது. நான் கேட்டதற்கு, "கரண்ட்தான் வருதுங்களே, அப்பறம் என்னங்க?" என்றார் கிளார்க். போட்டவர்களைக் கேட்டால் ஒன்றிய ஆபீசைக் கைகாட்டினார்கள், அங்கே கேட்டால் போட்டவர்களை. பழைய பில்லையும் புது பில்லையும் கூட்டத்தில் தலைவர் முன்னால் பக்கத்துப் பக்கத்தில் வைத்தேன். அதன் பிறகுதான் ஆள் வந்தது. ஃபியூஸ் ஒன்றுதான் போயிருந்தது! அன்றைக்கே தீர்மானம் போட வைத்தேன்: மாதாமாதம் சோலார் மீட்டர் ரீடிங்கை நோட்டில் எழுத வேண்டும், தொட்டி ஆபரேட்டர் பேனலைக் கழுவ வேண்டும். இன்றும் அது ஓடுகிறது. உங்கள் ஊரிலும் பராமரிப்பு யார் பொறுப்பு என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்.

சோலார் ஏஜெண்ட் எழுதுகிறான் என்று யாரும் கிளம்ப வேண்டாம். எனக்கு இதில் பைசா வரும்படி கிடையாது. கரண்ட் போனால் பேட்டரி இல்லாத சோலாரும் நின்றுவிடும், உண்மைதான். நம் பேனல் கரண்ட் லைனில் பாய்ந்து, கம்பத்தில் வேலை பார்க்கும் லைன்மேனுக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்றே அப்படிச் செய்திருக்கிறார்கள். ஊராட்சிக்கு ஏது பணம் என்பவர்களுக்கு: மேட்டுப்பாளையம் பக்கம் ஓடந்துறை ஊராட்சி 2006இல் கடன் வாங்கி 350 கிலோவாட் காற்றாலையே சொந்தமாக வாங்கியது. மிச்ச மின்சாரத்தை வாரியத்துக்கு விற்றது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் கொரங்காட்டை, அதாவது வேலி போட்ட மேய்ச்சல் காட்டை, வளைத்து வளைத்து சோலார் பண்ணைக்கு வாங்குகிறார்கள். கிளுவை வேலியைப் பிடுங்கி, கொழுக்கட்டைப் புல்லை மழித்துவிட்டால் காங்கயம் மாடு எங்கே மேயும்? பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, சமுதாயக்கூடம் என்று அரசாங்க மாடிகள் எல்லாம் சும்மா வெயிலில் காய்கின்றன. முதலில் அங்கே போடட்டும்.