குறைமாதக் குழந்தையின் ரத்தத்தில்தான் கிருமி, மூளைக்குப் போகவில்லை என்கிறார்கள். நிம்மதியாக இருக்கலாமா?

இதே கேள்வியை இன்குபேட்டர் பக்கத்தில் நின்று நானும் கேட்டிருக்கிறேன். என் மகள் 28 வாரத்தில் பிறந்தவள். பன்னிரண்டாம் நாள் ரத்தக் கல்ச்சரில் கிருமி வந்தது. முதுகில் ஊசி போட்டு எடுத்த, மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்திருக்கும் நீர் சுத்தம். "அப்போ மூளைக்கு ஒண்ணும் இல்லையே டாக்டர்?" என்றேன். "கிருமி போகலைம்மா, ஆனா..." என்று இழுத்தார்.

அந்த 'ஆனா' இதுதான். கிருமியோடு சண்டை போட உடம்பு கிளப்பும் அழற்சி, கிருமி எட்டாத இடத்தையும் எட்டிவிடும். ரத்தத்தில் பெருகும் சைட்டோகைன்கள் என்ற அழற்சித் தூதுப் பொருட்கள், மூளையின் காவல் செல்களான மைக்ரோக்ளியாவை உசுப்பிவிடும். நரம்பிழைகளுக்கு மயலின் உறை போட வேண்டிய செல்கள் சுமார் 32 வாரம் வரை பிஞ்சுப் பருவத்தில்தான் இருக்கும். இந்த ரகளையில் சில செத்துப்போகும்; சில முதிராமலே நின்றுவிடும். 1000 கிராமும் அதற்குக் குறைவுமாகப் பிறந்த 6,093 குழந்தைகளைப் பின்தொடர்ந்த அமெரிக்க ஆய்வு ஒன்று 2004-இல் வெளிவந்தது. மூளைக்காய்ச்சல் வராமல், ரத்தத்தில் மட்டும் தொற்று வந்த குழந்தைகளுக்கும் பெருமூளை வாதம் (மூளைச் சேதத்தால் கை, கால் அசைவு பாதிக்கப்படுவது) கூடுதலாக இருந்தது.

அப்படியானால் முன்கூட்டியே ஆன்டிபயாட்டிக் போட்டுவிடலாமே? எனக்கும் தோன்றியது. பனிக்குடம் உடையாமல், தொற்றின் அறிகுறியும் இல்லாமல் குறைமாத வலி வந்த தாய்மார்களுக்கு அப்படிக் கொடுத்துப் பார்த்தார்கள். ஏழு வயதில் அந்தப் பிள்ளைகளிடம் பெருமூளை வாதம் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது (2008). தொற்று என்று சந்தேகம் வந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது, அது வேறு கதை. ரத்தச் சிவப்பணுக்களைப் பெருக்கும் எரித்ரோபொய்ட்டின் ஊசி மூளையையும் காக்கும் என்று நிறைய பேர் நம்பினார்கள். 941 குழந்தைகளிடம் நடந்த ஆய்வு 2020-இல் கையை விரித்துவிட்டது.

மிச்சம் இருப்பதெல்லாம் சுவாரசியமே இல்லாத வேலைகள். தொடும் ஒவ்வொரு முறையும் கை கழுவுவது. தாய்ப்பால்; சொட்டுச் சொட்டாகப் பீய்ச்சினாலும் பரவாயில்லை, குடல் அழுகல் நோயைக் குறைப்பதில் அதற்கு ஈடு இல்லை. மார்போடு அணைக்கும் கங்காரு பராமரிப்பும் தொற்றைக் குறைக்கிறது. அப்புறம், ரவுண்ட்ஸ் வரும்போதெல்லாம் "இந்த லைன் இன்னும் வேணுமா?" என்று கேளுங்கள். லைன் என்பது மருந்து ஏற்ற ரத்தக்குழாயில் விடும் மெல்லிய குழாய்; அங்கே கிடக்கும் ஒவ்வொரு நாளும் அது கிருமிக்குத் திறந்த கதவு. யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்; எங்கள் டாக்டர் மறுநாளே எடுத்துவிட்டார்.

இன்னொன்று. உச்சிக்குழி வழியாக எடுக்கும் ஸ்கேனில், மூளையின் வெண்பொருளில் (நரம்பிழைகள் ஓடும் பகுதி) பரவலாக இருக்கும் லேசான சேதம் பிடிபடாமல் போகலாம். என் மகளுக்கு நார்மல் என்றுதான் வந்தது. இரண்டு வயதில்தான் வலது குதிகால் தரையில் படவில்லை என்று கவனித்தோம். ஆறு வயதாகிறது, பிசியோதெரபி நடக்கிறது, ஓடுகிறாள். டிஸ்சார்ஜுக்குப் பிறகு வரச் சொல்லும் தேதி எதையும் விட்டுவிடாதீர்கள்.