கேட்டார், சரி, யாரைக் கேட்டார்?

கேள்வி: எங்கள் மாவட்டத்துப் பாராளுமன்ற உறுப்பினர் ஒருவர் அண்மையில் சபையில் எழுந்து, தீவகத்து வைத்தியசாலைகளில் வைத்தியர் இல்லை, பாடசாலைகளில் ஆசிரியர் இல்லை, பஸ் இல்லை, வீதி இல்லை, பட்டதாரிகளுக்கு வேலை இல்லை என்று அரசாங்கத்தை வறுத்தெடுத்தார். கைபேசியில் பார்த்தபோது எனக்குப் புல்லரித்தது. உங்களைப் போன்ற பத்திரிகைக்காரர்களோ ஒரு வரி பாராட்டி எழுதவில்லை. கேள்வி கேட்கிறவரையும் குறை சொன்னால் எங்களுக்காக வேறு யார்தான் பேசுவது?

பி.கு.: என் மகள் பட்டம் பெற்ற பின்னும் வேலையில்லாமல் வீட்டில் இருக்கிறாள். அந்த உறுப்பினரிடம் ஒரு சிபாரிசுக் கடிதம் வாங்கினால் பயன் உண்டா?

— 'தீவான்', வேலணை

பதில்: புல்லரித்ததை நான் குறை சொல்லமாட்டேன். நம் ஊர்க் கஷ்டத்தை நம் மொழியில் அந்தச் சபையில் ஒருவர் எடுத்துச் சொல்லும்போது மனத்துக்கு ஒரு நிறைவு இருக்கத்தான் செய்யும். ஆனால் உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன்; அமைச்சர் என்ன பதில் சொன்னார் என்று அதில் ஒரு சொல்கூட இல்லை. நீங்கள் பார்த்த காணொளித் துண்டில் பதில் இருந்திருக்காது. இந்தத் துண்டுகளை வெட்டிப் போடுகிறவர்கள், அமைச்சர் எழுந்து ஒலிவாங்கியைச் சரிசெய்வதற்கு முன்பே கத்தரிக்கோலைப் போட்டுவிடுகிறார்கள்.

நீங்கள் எழுதியிருக்கும் ஐந்து 'இல்லை'களும் ஓர் அமைச்சரின் மேசையில் இருப்பவை அல்ல. தீவானுக்கு இதை விளக்க வேண்டியதில்லை என்றாலும் சொல்கிறேன். நெடுந்தீவில் ஒருவருக்கு இரவு பத்து மணிக்கு நெஞ்சுவலி வருகிறது என்று வையுங்கள். அங்குள்ள வைத்தியசாலைக் கட்டடம், கட்டில், அம்புலன்ஸ் எல்லாம் மாகாண சுகாதாரத் திணைக்களத்தின் பொறுப்பு. அங்கே இருக்க வேண்டிய டொக்டரை அனுப்புவது கொழும்பு. வைத்தியர் சேவை நாடு முழுவதற்கும் ஒன்றுதான், வருடாந்த இடமாற்றப் பட்டியல் மத்திய சுகாதார அமைச்சிலிருந்து வருகிறது. நோயாளியைக் குறிகட்டுவான் இறங்குதுறைக்குக் கொண்டுவரப் படகு வேண்டும். குமுதினியும் வடதாரகையும் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியவை, நெடுந்தாரகை பிரதேச சபைக்குரியது. அந்த நேரத்தில் உண்மையில் வந்து ஏற்றப்போவது கடற்படையின் படகு. அது பாதுகாப்பு அமைச்சு. கரையேறி யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை வாசலுக்கு வந்தால் மறுபடியும் மத்திய சுகாதார அமைச்சு. நோயாளி ஒருவர்தான், இரவும் ஒன்றுதான். பதில் சொல்ல வேண்டியவர்கள் எத்தனை பேர் என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

பாடசாலையும் இப்படித்தான். தேசிய பாடசாலைகள் கல்வி அமைச்சின் கீழ். மற்ற எல்லாம் மாகாணத்தின் கீழ். ஏ, பி தர வீதிகள் மத்திக்கு. சி, டி தரம் மாகாணத்துக்கு. உங்கள் வாசலில் உள்ள ஒழுங்கை பிரதேச சபைக்கு. இலங்கைப் போக்குவரத்துச் சபையின் (இ.போ.ச.) பஸ் வரவில்லையென்றால் கேட்க வேண்டியவர் போக்குவரத்து அமைச்சர். மாகாணத்துக்குள் ஓடும் தனியார் பஸ் வரவில்லையென்றால் அதற்கு வழித்தட அனுமதி கொடுத்தது மாகாண அதிகார சபை.

ஆகவே, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டுகிற உறுப்பினரைப் பார்த்து எந்த அமைச்சரும் பயப்படுவதில்லை. "உறுப்பினர் குறிப்பிட்ட விடயங்களில் பெரும்பாலானவை மாகாணத்துக்குரியவை" என்று ஒரு வசனம் போதும், உட்கார்ந்துவிடலாம். கேட்டவருக்கும் அதில் நட்டமில்லை. அவருக்குத் துண்டு கிடைத்துவிட்டது. இரண்டு பேரும் திருப்தியாகத் தேநீர்ச்சாலைக்குப் போகலாம்.

சரி, மாகாணத்துக்குரியதை மாகாணத்தில் கேட்கலாம்தானே என்பீர்கள். எங்கே கேட்பது? வட மாகாண சபைக்கு 2013 செப்டெம்பர் 21 அன்று தேர்தல் நடந்தது. 38 உறுப்பினர்கள் கைதடியில் கூடினார்கள். 2018 ஒக்டோபரில் காலம் முடிந்தது. அதன் பிறகு தேர்தலே நடக்கவில்லை. 2017இல் தேர்தல் முறையைத் தொகுதியும் விகிதாசாரமும் சேர்ந்த கலப்பு முறையாக மாற்றினார்கள். அதற்கான எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஓகஸ்டில் பாராளுமன்றத்துக்கு வந்தபோது ஆதரவாக ஒரு வாக்குக்கூட விழவில்லை. பழைய சட்டமும் இல்லை, புதிய எல்லையும் இல்லை. இன்று நம் மாகாணப் பாடசாலைகளையும் ஆதார வைத்தியசாலைகளையும் நடத்துவது ஆளுநரும் பிரதம செயலாளரும் அமைச்சுகளின் செயலாளர்களும். அவர்களில் நல்லவர்கள் இருக்கலாம், திறமையானவர்களும் இருக்கலாம். ஆனால் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டிய ஒரு சபை அவர்களுக்கு இல்லை. ஆளுநர் பதில் சொல்ல வேண்டியது தன்னை நியமித்த ஜனாதிபதிக்கு.

மாகாண சபை இருந்த காலம் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. தீர்மானங்களை நிறைவேற்றிக் குவித்தார்கள்; 2017இல் முதலமைச்சரைப் பதவியில் அமர்த்திய கூட்டணியின் உறுப்பினர்களே அவருக்கு எதிராக நம்பிக்கையில்லாப் பிரேரணையுடன் ஆளுநரிடம் போனார்கள். அந்தக் கூத்தெல்லாம் நாங்கள் இதே பக்கத்தில் திட்டித் தீர்த்ததுதான். இருந்தாலும், ஒரு பாடசாலைக்குக் கணித ஆசிரியர் இல்லையென்றால் மாகாணக் கல்வி அமைச்சரின் பெயர் சொல்லிக் கேட்க ஓர் இடம் இருந்தது. அந்த இடம் போனது பற்றி உங்களுக்குப் புல்லரிக்க வைத்தவரும் மற்றவர்களும் எத்தனை தடவை சபையில் விடாப்பிடியாக நின்றார்கள் என்று யோசித்துப் பாருங்கள். மாகாண சபை இல்லாவிட்டால் மாகாணத்துக்கு ஒரே குரல் பாராளுமன்ற உறுப்பினர்தான். அது சிலருக்கு வசதியாகவும் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

மாவட்ட ஒருங்கிணைப்புக் குழு இருக்கிறதே என்று ஒரு நண்பர் என்னிடம் வாதாடினார். அதற்குத் தலைமை தாங்குவது அரசாங்கம் நியமித்தவர். முன்வரிசையில் கமெராக்கள். ஒரு திணைக்கள அதிகாரியை எழுப்பி எல்லோர் முன்னிலையிலும் ஏசினால் அன்று மாலைச் செய்தி தயார். அடுத்த கூட்டத்தில் அதே அதிகாரி அதே பதிலுடன் வருவார். ஏசியவரோ வேறொரு விடயத்துக்குப் போயிருப்பார்.

பாராளுமன்றத்துக்கே திரும்புவோம். அங்கே பேச்சு வேறு, வினா வேறு. வரவு செலவுத் திட்ட விவாதத்தில் பத்து நிமிடம் முழங்குவது பேச்சு. அதற்கு அமைச்சர் பதில் சொன்னாலும் சரி, சொல்லாவிட்டாலும் சரி. வாய்மூல விடைக்கான வினா என்பது முன்கூட்டியே எழுத்தில் கொடுப்பது, ஒழுங்குப் பத்திரத்தில் வருவது, எந்த அமைச்சரிடம் என்று பெயர் குறித்துக் கேட்பது. அதற்கு அமைச்சு எழுத்தில் விடை தயாரிக்க வேண்டும். விடை ஹன்சாட்டில், அதாவது சபையின் பேச்சுப் பதிவேட்டில் ஏறும். அதன்மேல் உறுப்பினர் மேலதிக வினா தொடுக்கலாம். கட்சித் தலைவராக இருந்தால் சபை நடைமுறை விதிகளான நிலையியற் கட்டளைகளில் 27/2இன் கீழ் அவசர விடயமாகவும் எழுப்பலாம். அமைச்சர்கள் இரண்டு கிழமை அவகாசம் கேட்பார்கள். விடையை வாசிக்காமல் சபாபீடத்தில் சமர்ப்பித்துவிட்டு நழுவுவார்கள். அங்கேதான் உறுப்பினரின் உழைப்பு தெரியும். சமர்ப்பித்ததை எடுத்து வாசித்து, அதிலுள்ள ஓட்டையைப் பிடித்து அடுத்த அமர்வில் மறுபடி வருகிறாரா?

வேலைவாய்ப்பையே எடுத்துக்கொள்வோம். "பட்டதாரிகளுக்கு வேலை இல்லை" என்று சொல்லி எந்த அமைச்சரையும் மடக்க முடியாது. "ஆம், கவலைக்குரியது" என்பார். 2025 வரவு செலவுத் திட்டத்தில் அரச சேவைக்கு 30,000 பேரைச் சேர்க்க 10 பில்லியன் ரூபா ஒதுக்கினார்கள். அதில் வட மாகாணத்துக்கு எத்தனை, எந்தத் திணைக்களங்களுக்கு, போட்டிப் பரீட்சை எப்போது என்று கேட்டால் அமைச்சர் ஓர் இலக்கத்தைச் சொல்லியாக வேண்டும். சொன்ன இலக்கம் ஹன்சாட்டில் கிடக்கும். ஆறு மாதம் கழித்து எடுத்துக் காட்டலாம்.

இன்னொன்று, இதை நம்மவர்கள் ஏனோ தொடுவதே குறைவு. வெற்றிடம் என்று நாம் சொல்வது வேறு, அரசாங்கம் சொல்வது வேறு. அனுமதிக்கப்பட்ட ஆளணி என்று ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு வைத்தியசாலைக்கு இருபது சிற்றூழியர் என்று என்றோ அனுமதித்திருந்தால், இன்று நோயாளர் இரண்டு மடங்கானாலும், இருபது பேர் வேலையில் இருக்கும்வரை காகிதத்தில் அங்கே வெற்றிடமே இல்லை. அந்த எண்ணிக்கையைக் கூட்டுவதென்றால், மாகாணப் பதவியானாலும்கூட, நிதி அமைச்சின் கீழுள்ள முகாமைத்துவ சேவைகள் திணைக்களம் தலையசைக்க வேண்டும். இங்கே "மாகாணத்துக்குரியது" என்று சொல்லித் தப்ப முடியாது. ஆளணியைக் கூட்டக் கேட்டு வடக்கிலிருந்து போன எத்தனை விண்ணப்பங்கள் அங்கே கிடக்கின்றன, எவ்வளவு காலமாக என்று நிதி அமைச்சரை ஒரே ஒரு வினா கேட்கட்டும். அன்றைக்கு நான் முன்பக்கத்தில் பாராட்டி எழுதுகிறேன்.

சபையில் ஆள் இருப்பதன் அருமை தெரியாமல் பேசுகிறேன் என்று நினைக்காதீர்கள். 1931இல் அந்நாளைய சட்டமன்றமான அரசாங்க சபைக்கான தேர்தலை நாமே பகிஷ்கரித்து, குடாநாட்டின் நான்கு ஆசனங்களும் 1934 வரை வெறுமையாகக் கிடந்தன. 1983இல், தனிநாட்டுக் கோரிக்கையைக் கைவிட்டுச் சத்தியம் செய்யச் சொன்ன அரசியலமைப்பின் ஆறாம் திருத்தம் வந்து நம் உறுப்பினர்கள் ஆசனம் இழந்தார்கள். 2010இல் ஒன்பதாக இருந்த யாழ். தேர்தல் மாவட்டத்து ஆசனங்கள் 2024இல் ஆறு, அதுவும் கிளிநொச்சியையும் சேர்த்து. அந்த ஆறில் மூன்று ஆளுங்கட்சியிடம். ஆளுங்கட்சி உறுப்பினர் தன் அரசாங்கத்திடம் வினா கேட்கக் கூடாது என்று எந்த நிலையியற் கட்டளையும் சொல்லவில்லை என்பதை அந்த மூவருக்கும் இந்தப் பக்கத்தின் மூலம் ஞாபகப்படுத்துகிறேன். இருப்பது ஆறு வாய் என்றால் ஒவ்வொன்றும் எதைக் கேட்கிறது, யாரைக் கேட்கிறது என்று பார்க்கத்தான் வேண்டும்.

இனி உங்கள் பின்குறிப்பு. கடிதம் வேண்டாம். உறுப்பினர் வெள்ளி இரவு கொழும்பிலிருந்து வந்து இறங்கினால், சனிக்கிழமை விடியும்போது அவருடைய வாசலில் வரிசையில் நிற்கிறவர்கள் நாம்தான். இடமாற்றத்துக்குக் கடிதம், பாடசாலை அனுமதிக்குக் கடிதம், வேலைக்குக் கடிதம். அவரும் வாக்கை நினைத்து மறுக்காமல் ஒப்பமிடுகிறார். ஒப்பமிட்ட கடிதம் ஒரு செயலாளரின் கோப்பில் மற்ற நூறு கடிதங்களோடு உறங்குகிறது. ஆளணிக் கணக்கைப் படித்து நல்ல வினா ஒன்று தயாரிக்க வேண்டிய நாள் இப்படிப் போகிறது. இதில் உங்களுக்கும் எனக்கும் பங்கு உண்டு. 2020இல் 50,000 பட்டதாரிகளை மாதம் 20,000 ரூபா கொடுப்பனவில் பயிலுநர்களாக எடுத்தார்களே, அந்த மாதிரி மொத்த நியமனம் இனியும் வரும் என்று காத்திருப்பதும் புத்தியல்ல.

மகள் வெள்ளிக்கிழமை தோறும் வரும் வர்த்தமானியையும், வட மாகாணப் பொதுச் சேவை ஆணைக்குழுவின் அறிவித்தல்களையும் விடாமல் பார்க்கட்டும். இரண்டும் வெவ்வேறு, ஒன்றுக்கு அனுப்பிய விண்ணப்பம் மற்றதற்குப் போகாது. அவர் குறிவைக்கும் திணைக்களத்தில் அனுமதிக்கப்பட்ட ஆளணி எவ்வளவு, இப்போது எத்தனை பேர் வேலையில் இருக்கிறார்கள் என்று அங்குள்ள தகவல் உத்தியோகத்தரிடம் எழுத்தில் கேட்கவும் செய்யலாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு செய்யலாம். தமிழிலேயே எழுதலாம். வரும் பதிலின் பிரதி ஒன்றை உறுப்பினருக்கு அனுப்புங்கள், இன்னொன்றை எங்களுக்கும்.