ரிஸ்ட் ரெஸ்ட் வாங்கும் முன்: வாசகர் கேள்வி, நம் பதில்

சிவகாசியில் டிடிபி வேலை பார்க்கிறேன். காலண்டர், டைரி, கல்யாணப் பத்திரிகை என்று சீசனில் மூச்சுவிட நேரமிருக்காது. சாயங்காலமானால் இரண்டு மணிக்கட்டும் குடைகிறது. கீபோர்டு முன்னால் வைக்கிற ரிஸ்ட் ரெஸ்ட் ஒன்று வாங்கலாம் என்று பார்த்தால் ஜெல், மெமரி ஃபோம் என்று ஏகப்பட்டது இருக்கிறது. எதை வாங்க?
– வாசகர், சிவகாசி

ஜெல்லா ஃபோமா என்பதை அப்புறம் பார்ப்போம், முதலில் அந்தத் திண்டின் மேல் கையின் எந்த இடம் படவேண்டும் என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வாங்கியவர்களில் நிறையப் பேர் வாட்ச் கட்டுகிற இடத்தையே அதன்மேல் வைத்து அழுத்திக்கொண்டு டைப் அடிக்கிறார்கள். மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு குறுகலான வழி இருக்கிறது. கார்பல் டனல் என்பார்கள். விரல்களை மடக்குகிற 9 தசைநாண்களும், கட்டைவிரலிலிருந்து நடுவிரல் வரை உணர்ச்சி கொண்டுபோகிற மீடியன் நரம்பும் அதற்குள்தான் நெருக்கியடித்துக்கொண்டு போகின்றன. வெளியிலிருந்து அழுத்தினாலும் உள்ளே நெருக்கடி கூடும், கை மேல்நோக்கி வளைந்தே இருந்தாலும் கூடும். அதனால் திண்டின் மேல் படவேண்டியது மணிக்கட்டு அல்ல, உள்ளங்கையின் அடியில், கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் கீழே மெத்தென்று இருக்கிறதே, அந்தச் சதைமேடு.

அதுவும் எந்நேரமும் அல்ல. அடிக்கும்போது கை அந்தரத்தில் மிதக்கவேண்டும், கையெழுத்துப் பிரதியைப் படிக்கிற நேரம், ப்ரூஃப் பார்க்கிற நேரம், அடுத்த வரியை யோசிக்கிற நேரம், அப்போதுதான் கையை இறக்கி வைக்க அது. நீங்கள் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் லோயர், ஹையர் பரீட்சை முடித்தவரென்றால் மெஷின் விளிம்பில் மணிக்கட்டைச் சாய்க்க விடாமல் ‘கையைத் தூக்கு’ என்று சொல்லிக்கொண்டே இருந்திருப்பார்கள், அதே பாடம்தான் இங்கேயும்.

இனி அளவு. ஒரு ஸ்கேலை எடுத்துக் கீபோர்டின் முன்விளிம்பு, அதாவது ஸ்பேஸ் பார் இருக்கிற பக்கம், மேஜையிலிருந்து எவ்வளவு உயரம் என்று பாருங்கள். சாதாரண கீபோர்டுக்குச் சுமார் 2 சென்டிமீட்டர் வரும், மெக்கானிக்கல் என்றால் பெரும்பாலும் அதைவிட உயரம். திண்டு அந்த உயரத்துக்குச் சரியாகவோ ஒரு நூல் தாழ்ந்தோ இருக்கவேண்டும், உயர்ந்து இருக்கவே கூடாது. நீளம் கீபோர்டு நீளத்துக்கு இருந்தால் போதும். அகலத்துக்கு, அமெரிக்காவின் தொழில் பாதுகாப்புத் துறையான ஓஷா குறைந்தது ஒன்றரை அங்குலம் இருக்கட்டும் என்கிறது. அதற்காக நாலைந்து அங்குலத்துக்குப் பெரிய திண்டாக வாங்கினால் கீபோர்டு தள்ளிப்போய்விடும், நீங்கள் கையை நீட்டி நீட்டி அடிக்கவேண்டும், தோள்பட்டைக்கு அது ஆகாது.

சரி, ஜெல்லா ஃபோமா? என் ஓட்டு கொஞ்சம் கெட்டியான ஃபோமுக்குத்தான். ஜெல் தொட்டதும் குளுகுளுவென்று இருக்கும், கைச்சூட்டில் அந்தக் குளிர்ச்சி சீக்கிரமே போய்விடும், பேப்பர் வெட்டுகிற பிளேடு கிடக்கும் மேஜையில் ஒரு கீறல் பட்டால் பிசுபிசுவென்று ஒழுகவும் செய்யும். மெமரி ஃபோம் கை வைத்ததும் அமுங்கிக் கொடுக்கிறது, நல்லதுதான், ஆனால் மட்டமான ஃபோம் சில மாதத்திலேயே அமுங்கினது அமுங்கினபடி கிடக்கும். கடையிலேயே கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள், விரல் மேஜையைத் தொடுகிற அளவுக்கு இறங்கினால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். அடிப்பக்கம் வழுக்காத ரப்பர் இருக்கிறதா, விளிம்பு உருண்டையாக இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒன்று: மேஜை உயரம் தப்பாக இருந்தால் எந்தத் திண்டாலும் பயனில்லை. கடைகளில் கிடைக்கிற மேஜை பெரும்பாலும் இரண்டரை அடி உயரம். தோளைத் தளர்த்தி உட்கார்ந்தால் உங்கள் முழங்கை கீபோர்டின் உயரத்துக்கு வருகிறதா? கீழே இருந்தால் நாற்காலியை ஏற்றுங்கள், கால் தொங்கினால் அடியில் ஒரு பேப்பர் பண்டலைப் போட்டுக்கொள்ளுங்கள், உங்கள் ஊரில் அதற்கா பஞ்சம். அப்புறம், கீபோர்டின் பின்பக்கம் இரண்டு குட்டிக் கால்கள் இருக்குமே, அதை உடனே மடக்குங்கள். அதை நிமிர்த்தி வைத்தால்தான் கை மேல்நோக்கி வளைகிறது. இவற்றைச் செய்துவிட்டு, ஒரு பழைய டர்க்கி டவலை நீளவாக்கில் மடித்துக் கீபோர்டு முன்னால் வைத்துச் சில நாள் வேலை செய்யுங்கள். சுகமாக இருந்தால் அந்த உயரத்தில் ஒன்றை வாங்குங்கள்.

மரத்தில் செய்த ரிஸ்ட் ரெஸ்ட் பார்த்தேன், அழகாக இருக்கிறது. நம்ம வேர்வைக்குத் துணியைவிட மரம்தானே நல்லது?
– வாசகி, சென்னை

ஏசி இல்லாத அறையென்றால் துணி சீக்கிரம் கறுத்து வாடையடிக்கும், ரெக்சின் மாதிரி உறை போட்டது வேர்வையில் செதில் செதிலாக உரியும், அந்த வகையில் மரம் தேவலாம், ஈரத்துணியால் துடைத்தால் முடிந்தது. ஆனால் மரம் கொஞ்சம்கூட அமுங்காது. சதைமேட்டை மட்டும் லேசாக வைத்து எடுக்கிறவருக்குச் சரி, பாரத்தை எல்லாம் இறக்கி வைக்கிறவருக்கு வலிதான் மிஞ்சும். உங்களுக்கு எந்தப் பழக்கம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். துணி உறையைக் கழற்றித் துவைக்கிற மாதிரியும் சில வருகின்றன, கிடைத்தால் அதை எடுங்கள்.

வீட்டிலிருந்து லேப்டாப்பில் மொழிபெயர்ப்பு வேலை செய்கிறேன். லேப்டாப்புக்கு எந்த ரிஸ்ட் ரெஸ்ட் சரி?
– வாசகி, சேலம்

எதுவும் வேண்டாம். லேப்டாப்பில் கீபோர்டுக்கு முன்னாலேயே உள்ளங்கை வைக்க இடம் இருக்கிறது, அதன்மேல் திண்டு ஒட்டினால் கை உயர்ந்து விரல் கீழ்நோக்கி வளையும், மூடும்போது திரையில் இடிக்கவும் இடிக்கும். அந்தக் காசுக்குத் தனியாக ஒரு சாதாரண கீபோர்டும் மவுஸும் வாங்குங்கள், லேப்டாப்பை நாலு தடிமனான புத்தகத்தின் மேல் ஏற்றித் திரையைக் கண் உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். கையோடு கழுத்துக்கும் விடுதலை.

திருப்பூரில் கணக்குப் பிள்ளையாக இருக்கிறேன், நாள் முழுக்க டேலியில் என்ட்ரி. ஜெல் மேடு வைத்த மவுஸ் பேட் வாங்கினேன். வாங்கின பிறகு வலது கை சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகிறது. மவுஸ் பேட்தான் காரணமா?
– வாசகர், திருப்பூர்

இருக்கலாம். சுண்டுவிரலுக்கும் மோதிரவிரலில் பாதிக்கும் போகிற நரம்பு வேறு, அல்நார் என்று பெயர். முழங்கையை எங்காவது இடித்துக்கொண்டால் சுரீரென்று ஷாக் அடிக்குமே, அந்த நரம்புதான். உள்ளங்கையில் சுண்டுவிரல் பக்கமாக அழுத்தம் பட்டாலும் அது நசுங்கும், முழங்கையை மேஜை விளிம்பிலோ நாற்காலிக் கைப்பிடியிலோ ஊன்றியே இருந்தாலும் நசுங்கும். ஜெல் மேட்டில் கையை நிறுத்திவிட்டால் மணிக்கட்டு மட்டும் இடமும் வலமும் ஆடும், முழங்கையிலிருந்து கை நகரவே நகராது. அந்தப் பேடை எடுத்துவிட்டுச் சாதாரணத் தட்டையான பேடு போட்டு, முன்னங்கை மொத்தமும் நகர்கிற மாதிரி மவுஸைப் பிடித்துப் பாருங்கள்.

இன்னொன்றும் உண்டு. உங்களுக்கு எண் விசைகள் கட்டாயம் வேண்டும், அது கீபோர்டின் வலது கோடியில் இருப்பதால் மவுஸ் அதையும் தாண்டித் தள்ளிப் போய்விடுகிறது. எண் விசை இல்லாத சின்ன கீபோர்டு ஒன்றும், யுஎஸ்பியில் தனியாக வருகிற எண் பேடு ஒன்றும் வாங்கினால், என்ட்ரி போடும்போது பேடை வலப்பக்கமும், மற்ற நேரம் மவுஸை அருகிலும் வைத்துக்கொள்ளலாம். இதற்கும் மரப்பு குறையாவிட்டால், பேனா பிடிக்க, சட்டைப் பட்டன் போடக் கை தடுமாறினால், தள்ளிப்போடாமல் டாக்டரைப் பாருங்கள்.

மெடிக்கலில் உள்ளே பட்டை வைத்த மணிக்கட்டு பெல்ட் வாங்கி, அதைப் போட்டுக்கொண்டே டைப் அடிக்கிறேன். ராத்திரி கை மரத்துத் தூக்கம் கலைகிறது, உதறினால்தான் சரியாகிறது. பெல்ட்டை இன்னும் இறுக்கமாகக் கட்டவா?
– வாசகி, காரைக்குடி

வேண்டவே வேண்டாம், தளர்த்துங்கள். அந்த பெல்ட்டுக்கு ராத்திரியில்தான் உண்மையான வேலை. தூக்கத்தில் நாம் மணிக்கட்டை மடக்கிக்கொள்கிறோம், அதை நேராக வைத்திருக்கத்தான் அது. அதைக் கட்டிக்கொண்டு டைப் அடித்தால் ஒவ்வொரு விசைக்கும் விரல் எட்டுவதற்குக் கை பட்டையோடு மல்லுக்கட்டுகிறது, மணிக்கட்டு செய்யவேண்டிய வேலை முழங்கைக்கும் தோளுக்கும் போகிறது.

நீங்கள் சொல்கிற அடையாளம், ராத்திரி மரத்து உதறினால் சரியாவது, கார்பல் டனல் கோளாறில் வழக்கமாக வருவது. மரப்பு கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் பக்கம்தானா என்று கவனியுங்கள். சர்க்கரை, தைராய்டு இருப்பவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இது வர வாய்ப்பு அதிகம், எனவே வெறும் கீபோர்டின் மேல் பழியைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்காதீர்கள். எலும்பு மருத்துவரோ நரம்பு மருத்துவரோ பார்த்து, தேவைப்பட்டால் நரம்புக் கடத்தல் சோதனை எடுக்கச் சொல்வார். முற்றவிட்டால் கட்டைவிரல் அடிச்சதை மெலிந்துபோகும், போன சதையைத் திரும்பக் கொண்டுவருவது சுலபமில்லை. இந்த வாரமே போய்விடுங்கள்.

ஆய்வேடுகள் டைப் அடித்துக் கொடுக்கிறேன். பழைய டைப்ரைட்டர் முறைதான். தமிழ் 99 கீபோர்டு முறைக்கு மாறினால் கைவலி குறையுமா?
– வாசகர், மதுரை

கொஞ்சம் குறைய வாய்ப்புண்டு. டைப்ரைட்டர் முறையில் ஷிப்ட் அடிக்கடி வரும், ஒவ்வொரு தடவையும் சுண்டுவிரல் எட்டிப் பிடிக்க மணிக்கட்டு வெளிப்பக்கம் கோணுகிறது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி வந்த தமிழ் 99இல் உயிர் இடப்பக்கம், மெய் பெரும்பாலும் வலப்பக்கம், கிரந்த எழுத்து மாதிரி சிலவற்றுக்குத்தான் ஷிப்ட். ‘பள்ளி’ என்று அடிக்க ப, ள, ள, இ, நாலே தட்டு, புள்ளி தானாக விழும். ஆங்கில எழுத்தில் அடிக்கிறவர்களுக்கு அதே சொல்லுக்கு ஐந்து எழுத்து, அதோடு ள-வுக்கு ஷிப்டும் வேண்டும்.

ஆனால் கை பழகிய முறையை ஆய்வேடு சமர்ப்பிக்கிற நேரத்தில் மாற்றாதீர்கள், வேகம் பாதியாகிவிடும், பதற்றத்தில் இன்னும் அழுத்தி அடிப்பீர்கள். வேலை குறைவான மாதத்தில் தினம் கொஞ்ச நேரம் பழகுங்கள். அதுவரை வலது கை எழுத்துக்கு இடது ஷிப்டையும் இடது கை எழுத்துக்கு வலது ஷிப்டையும் பிடியுங்கள், ஒரே கையால் இரண்டையும் எட்டிப் பிடிப்பதுதான் கையை முறுக்குகிறது. விண்டோஸில் ஷிப்டைத் தொடர்ந்து 5 முறை தட்டினால் ஸ்டிக்கி கீஸ் வேண்டுமா என்று கேட்கும், ஆம் சொல்லிவிட்டால் ஷிப்டை அழுத்திப் பிடிக்கவே தேவையில்லை, ஒரு தட்டுத் தட்டி விட்டுவிட்டு அடுத்த எழுத்தை அடிக்கலாம்.